மார்பில் பட்ட அடி

சமைக்கும்போது கத்தி விரலில் பட்டுவிட்டால் அச்செய்தி அரை நாழிகைக்குள் வீடு முழுவதும் பரவிவிடும். கல்லில் கால் இடித்துக்கொண்டால் அயல் வீட்டுக்காரியும் வேலிக்கு அப்பால் நின்று, "ஏன் பிள்ளை நொண்டுகிறாய்?" என்று விசாரிப்பாள். ஆனால், பஸ் வண்டியின் நெரிசலில் எவரோ ஒருவருடைய முழங்கை மார்பில் இடித்துவிட்டாலும், துள்ளி விளையாடும் குழந்தையின் தலை தாயின் மார்பில் மோதிவிட்டாலும் அதனை ஒருவரும் அறியமாட்டார்கள். நோவைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, இரவிலே கதவைத் தாழிட்டுக் கண்ணாடி முன் நின்று, கன்றிப்போன இடத்தைத் தடவிப் பார்த்துத் தனியே கலங்குவதே நம் பெண்களுடைய வழக்கமாயிருக்கின்றது.

அக்கலக்கத்திற்குக் காரணம் நோவு மட்டுமன்று. "மார்பில் அடிபட்டால் புற்றுநோய் வரும்" என்னும் சொல்லை நம்மிற் பலர் பாட்டிமாரிடமும் அயலவரிடமும் கேட்டிருக்கின்றோம். சிறியதோர் அடி பட்ட நாள் தொட்டு இச்சொல் மனத்திலே முள்ளாய்த் தைத்திருக்கும். இதற்கு நேர் எதிரான பிழையும் ஒன்று உண்டு. மார்பில் ஒரு கட்டி தட்டுப்படும்போது, "அன்றைக்குக் கதவு இடித்ததல்லவா? அதனால் வந்த வீக்கமாயிருக்கும்" என்று தமக்குத் தாமே காரணம் சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் வாளாவிருப்போரும் உளர். முன்னவர் வீணாக அஞ்சுகின்றனர். பின்னவர் கவலைப்படவேண்டிய இடத்தில் கவலையின்றி இருக்கின்றனர். இவ்விரு பிழைகளையும் நீக்கும் பொருட்டே இவ்வாரம் இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டோம்.

மார்பகத்தின் அமைப்பு

மார்பகம் தசையினால் ஆனதன்று. பால் சுரக்கும் சுரப்பிகள் 15 முதல் 20 வரையான மடல்களாக அதனுள்ளே அமைந்திருக்கின்றன. அவற்றைச் சூழக் கொழுப்பு நிறைந்திருக்கின்றது. இவற்றைத் தாங்கி நிற்பவை மெல்லிய நார்கள். இலண்டன் மாநகரில் வாழ்ந்த சத்திரவைத்தியர் சேர் அஸ்ற்லி கூப்பர் என்பார், மார்பகத்தின் அமைப்பைப் பற்றி 1840 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அந்நார்கள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. நெஞ்சுத் தசையும் விலா எலும்புகளும் இவற்றுக்கெல்லாம் பின்னே இருக்கின்றன.

மூளைக்கு மண்டையோடும் இருதயத்துக்கு விலாக்கூடும் காவலாய் இருப்பது போல மார்பகத்துக்குக் காவல் ஏதுமில்லை. ஆதலால், அடி பட்டவுடன் உள்ளேயுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் சில அறுந்து, இரத்தம் கொழுப்பினிடையே கசிகின்றது. இதுவே கண்டல் காயம். முதலிற் சிவந்தும், பின் நீலம் பாரித்தும், அதன்பின் பச்சையும் மஞ்சளுமாயும் நிறம் மாறி, பெரும்பாலும் இரண்டு வாரத்தளவில் அது மறைந்துவிடும். கசிந்த இரத்தத்திலுள்ள செந்நிறப் பொருளை உடல் படிப்படியாகச் சிதைத்து அகற்றுவதனாலேயே இந்நிறங்கள் தோன்றுகின்றன. நிறமாற்றத்தைக் கண்டு நஞ்சு பரவுகின்றதென்று அஞ்சவேண்டுவதில்லை. அடி மேற்புறத்தில் பட்டிருக்க, இரண்டொரு நாளில் நீலம் கீழ்ப்புறத்தில் தோன்றுவதும் உண்டு. இரத்தம் மெல்லக் கீழே இறங்குவதே அதற்குக் காரணம். மாதவிடாய்க்கு முந்திய நாள்களில் மார்பகம் இயல்பாகவே விம்மி நோவதால், அந்நாள்களிற் பட்ட சிற்றடியும் பெரிதாக நோகும்.

வீட்டிலே செய்யத்தக்கவை

அடி பட்டவுடன் செய்யவேண்டியது குளிர்ந்த ஒத்தடம். பனிக்கட்டியைத் தோலின்மேல் நேரே வைத்தலாகாது. மெல்லிய துவாயிற் சுற்றி, ஒரு முறைக்கு 15 நிமிடமளவில், நாளொன்றுக்கு நாலைந்து முறை வைக்கலாம். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் குளிர்ந்த கிணற்று நீரில் நனைத்துப் பிழிந்த துணியும் பயன்படும். முதல் இரண்டு நாள்கள் இவ்வாறு செய்தபின், இளஞ்சூடான ஒத்தடம் இதமளிக்கும். முதல் நாளிலேயே சூடு காட்டுவது தவறு. அது கசிவை அதிகமாக்கும்.

நன்றாகத் தாங்கும் உள்ளாடையைப் பகலில் அணிதல் வேண்டும். விரும்பினால் இரவிலும் தளர்வான ஒன்றை அணியலாம். மார்பகம் அசையுந்தோறும் நோவு கூடுமாதலின், தாங்குதலே பாதி மருந்தாகும். ஆனால் இறுகக் கட்டுதல் கூடாது.

நோவு மிகுந்தால் பரசிற்றமோல் போதுமானது. 500 மில்லிகிராம் மாத்திரையாயின், வளர்ந்தோர் ஒன்றோ இரண்டோ 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை உட்கொள்ளலாம். 24 மணித்தியாலத்தில் 8 மாத்திரைக்கு மேற்படலாகாது. உடல் நிறை 50 கிலோகிராமுக்குக் குறைந்தவர்களும் ஈரல் நோயுள்ளவர்களும் வைத்தியரைக் கேட்டே அளவை அறிதல் நன்று. அஸ்பிரின், இபுபுரூபன் முதலியவை இரத்தம் உறைவதைத் தளர்த்துபவை. ஆதலால் முதல் இரண்டு நாள்களுக்கு அவற்றைத் தவிர்க்கவேண்டும். டெங்கு நடமாடும் நம் நாட்டில் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அவற்றைத் தொடவே கூடாது. இருதய நோய்க்காக வைத்தியர் அஸ்பிரின் கொடுத்திருந்தால் தாமாக நிறுத்துவதும் தவறு; அடி பட்ட செய்தியை அவரிடம் சொல்லுதலே முறை.

செய்யக்கூடாத செயல் ஒன்றை அழுத்திக் கூறுகின்றோம். கன்றிய மார்பில் தைலமிட்டுப் பலமாகத் தேய்ப்பதும், "உறைந்த இரத்தத்தைக் கலைப்பதாக" எண்ணிப் பிசைவதும் நம் வீடுகளில் வழக்கம். முன்னே அறுந்த குழாய்களோடு அறாதவையும் அதனால் அறும். தைலத்தின் காரத்தினால் மெல்லிய தோல் வெந்துபோவதும் உண்டு. அன்பினால் தேய்க்கும் கை செய்வதும் காயமே.

தாளிக்கும்போது எண்ணெய் தெறித்தோ, வெந்நீர் ஊற்றுண்டோ மார்பு வெந்துவிட்டால் செய்யவேண்டியது வேறு. நனைந்த சட்டையை உடனே கழற்றி, ஓடும் குளிர்ந்த நீரை 20 நிமிடம் ஊற்றுதல் வேண்டும். தோலோடு ஒட்டிக்கொண்ட துணியைப் பிடுங்கலாகாது. பற்பசை, தேங்காயெண்ணெய், மஞ்சள், நெய் ஆகிய எதனையும் பூசாது சுத்தமான துணியால் மூடிவிடுக. கொப்புளத்தை உடைக்காதீர்கள். புண் உள்ளங்கையளவுக்கு மேற்பட்டாலும், முலைக்காம்பு வெந்திருந்தாலும் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

கீறல் காயமாயின் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவி மூடினாற் போதும். ஏற்புவலித் தடுப்பூசி போட்டு எவ்வளவு காலமாயிற்று என்று மட்டும் விசாரித்துக்கொள்ளவேண்டும். நாயோ பூனையோ பிறாண்டியதாயின், 15 நிமிடம் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போதல் வேண்டும். வெட்கத்தினால் நாள் கடத்துதற்கு அது இடமன்று.

காத்திராது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டிய வேளைகள் வேறுஞ் சில உண்டு. வீக்கம் சில மணித்தியாலங்களுக்குள் வளர்ந்துகொண்டே போதல், காயம் ஆழமாயிருத்தல், மூச்சை இழுக்கும்போது விலாவிற் குத்துதல், தலைசுற்றி மயக்கம் வருதல் என்பன அவை. இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்துகளை உட்கொள்ளுவோர் சிறிய அடியையும் அலட்சியஞ் செய்யலாகாது.

மோட்டார் வண்டி விபத்தில் ஆசனப் பட்டி அழுத்தியதனால் மார்பு கன்றுவது இக்காலத்தில் அடிக்கடி காணப்படுகின்றது. சுவீடன் தேசத்துப் பொறியியலாளர் நில்ஸ் போலின் 1959 ஆம் ஆண்டில் அமைத்துக் கொடுத்த மூன்றுமுனைப் பட்டியே இன்று எங்கும் வழங்குவது. அதன் சாய்ந்த பட்டி ஒரு பக்கத்து மார்பகத்தைக் குறுக்கே அழுத்தும். விபத்தின் பின் வெளியே நீலம் சிறிதாயிருப்பினும், உள்ளே விலா எலும்பு முறிந்திருக்கக் கூடுமாதலால் வைத்தியர் பார்த்தல் அவசியம். பட்டி நோகுமென்று அதனை அணியாது விடுவோர் கன்றலுக்கு அஞ்சி உயிரைப் பணயம் வைப்பவராவர். பட்டியை இரு மார்பகங்களுக்கும் நடுவாகத் தோள்மேற் செல்லும்படி அணிந்துகொள்வதே தக்கது.

பாலூட்டும் தாய்மாருக்கு

மார்பிற் படும் சிறு காயங்களுள் மிகுதியானது, அடியால் வருவதன்று. குழந்தையின் வாயால் வருவது. முதற் பிள்ளை பெற்ற தாய் முலைக்காம்பு வெடித்து இரத்தம் கசிய, கண்ணீரோடு பாலூட்டுவதைப் பார்த்து, "எல்லாருக்கும் இப்படித்தான், பொறுத்துக்கொள்" என்று பெரியோர் சொல்லிவிடுகின்றனர். பொறுக்கவேண்டுவது அவசியமன்று. குழந்தை காம்பை மட்டும் கவ்வுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். குழந்தை வாயை அகலத் திறக்கும் வரை காத்திருந்து, காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் செல்லும்படி அணைத்துக்கொண்டால் நோவு பெரிதுங் குறையும். குழந்தையை விலக்கும்போது இழுத்தெடுத்தல் கூடாது. சுண்டு விரலை வாயின் ஓரத்தில் மெல்ல நுழைத்துப் பிடியைத் தளர்த்தவேண்டும். பாலூட்டியபின் சில துளி தாய்ப்பாலையே காம்பிற் பூசி உலரவிடலாம். சவர்க்காரமும் ஸ்பிரிற்றும் தோலை மேலும் வெடிக்கச் செய்யும்.

வெடிப்பின் வழியே கிருமி புகுந்தும், பால் தேங்கியும் மார்பகம் சிவந்து, நொந்து, காய்ச்சல் காண்பதுண்டு. அவ்வேளையில் எண்ணெயிட்டு அழுத்திப் பிசைந்து "பாற்கட்டை உடைப்பது" நெடுங்கால வழக்கம். பாலூட்டல் மருத்துவர்களின் சர்வதேசக் கழகம் 2022 ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறை இதனை முற்றாக விலக்குகின்றது. அழுத்திப் பிசைதல் வீக்கத்தைக் கூட்டி, உள்ளே காயத்தையும் உண்டாக்கும். குளிர்ந்த ஒத்தடம் கொடுத்து, குழந்தைக்கு வேண்டிய அளவு வழக்கம்போல் ஊட்டி, ஓய்வு கொள்ளுதலே நன்று. பாலைச் சுரக்கச் சுரக்கக் கறந்து கொட்டுவதும் வேண்டாம். 24 மணித்தியாலத்துள் குணம் தெரியாவிட்டாலும், காய்ச்சல் கடுமையானாலும், சீழ் கோத்த கட்டி தெரிந்தாலும் வைத்தியரிடம் செல்லவேண்டும். இக்காலத்தில் குழந்தையைப் பாலை விட்டு மறக்கச் செய்யவேண்டுவதில்லை. கன்றிய மார்பிலிருந்து ஊட்டுவதாலும் குழந்தைக்குத் தீங்கில்லை.

சிறுமியரின் தாய்மாருக்கு

எட்டு, ஒன்பது, பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, "அம்மா, பந்து பட்ட இடத்தில் கல்லுப் போல இருக்கிறது" என்று சொல்லக்கூடும். தாய் தொட்டுப் பார்த்தால் ஒரு பக்கத்துக் காம்பின் கீழே பாக்கு அளவில் கடினமான திரட்சி ஒன்று நோவோடு தட்டுப்படும். பெரும்பாலும் இது பந்தால் வந்த கட்டியன்று. மார்பகம் முளைக்கும் மொட்டேயாகும். ஒரு பக்கம் முந்தியும் மறு பக்கம் சில மாதம் பிந்தியும் முளைத்தல் இயல்பு. அதனை அழுத்திக் கரைக்க முயலக்கூடாது. "கட்டி" என்றெண்ணி அதனை வெட்டியெடுத்துவிட்டால், அப்பக்கத்து மார்பகம் பின்னர் வளரவே மாட்டாது. ஐயமிருந்தால் வைத்தியரிடம் காட்டி, இயல்பானதென்று அறிந்து அமைதியடைதலே வேண்டும். எட்டு வயதுக்கு முன்னரே முளைப்பின் கட்டாயம் காட்டவேண்டும்.

வலைப்பந்தும் எல்லேயும் விளையாடும் மாணவியர் தக்க உள்ளாடை அணிந்திருத்தல் வேண்டும். தாய் இதனை மகளிடம் கூச்சமின்றிப் பேசுவாளாயின், அடி பட்ட நாளில் மகளும் தாயிடம் கூச்சமின்றிப் பேசுவாள்.

நீலம் மறைந்தபின் நிற்கும் கட்டி

இனி நாம் முதலிற் கூறிய அச்சத்துக்கு வருவோம். அடி பட்டுச் சில வாரங்களோ மாதங்களோ சென்றபின், அவ்விடத்தில் உருண்டையான கடினமான கட்டியொன்று தோன்றுவதுண்டு. அடிபட்ட கொழுப்பின் ஒரு பகுதி இரத்த ஓட்டமின்றி அழிந்து, அவ்விடத்தில் வடுத்திசு வளர்வதே இதன் காரணம். சிலருக்கு அது எண்ணெய் நிறைந்த சிறு பையாக மாறும். நோவு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சில வேளைகளில் மேற்றோலை உள்ளே இழுத்துக் குழி விழச் செய்யும். இது தீங்கற்றது, புற்றுநோயாக மாறுவதுமில்லை, பெரும்பாலும் காலப்போக்கில் தானே சிறுத்துவிடும்.

தொல்லை யாதெனில், கையால் தொட்டுப் பார்க்குமிடத்து இது புற்றுநோயைப் போலவே இருக்கும். அமெரிக்க சத்திரவைத்தியர்களாகிய லீ, அடெயர் என்னும் இருவர் 1920 ஆம் ஆண்டில் இதனைப் பற்றி எழுதியபோது, புற்றுநோயிலிருந்து இதனைப் பிரித்தறிவது எங்ஙனம் என்பதையே முக்கிய விஷயமாக எடுத்துக்கொண்டனர். தேர்ந்த வைத்தியருடைய கையே மயங்குமானால், நம் கை எம்மாத்திரம்?

மற்றொன்று, மார்பின் மேல் தோலுக்குக் கீழே கயிறு போல ஒரு தடிப்பு நீளமாகத் தோன்றி நோதல். கையை உயர்த்தும்போது அது நன்கு தெரியும். மேற்புறத்து நாளமொன்றில் இரத்தம் உறைவதால் இது வருகின்றது. பிரெஞ்சு சத்திரவைத்தியர் ஹென்றி மொண்டோர் 1939 ஆம் ஆண்டில் இதனை விளக்கினார். அடியாலும், இறுகிய உடையாலும், சத்திரசிகிச்சைக்குப் பின்னும் இது வரலாம். சில வாரங்களில் தானே மறையும். அரிதாக உள்ளே புற்றுநோய் மறைந்திருக்கவும் கூடுமாதலால், இதனையும் வைத்தியர் ஒருமுறை பார்த்தல் வேண்டும்.

அடி புற்றுநோயைத் தருமா?

தராது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனிய அறிஞர் விர்ஷோ முதலியோர், இடைவிடாத உறுத்தலினால் புற்றுநோய் பிறக்கின்றதென்று கருதினர். அக்கருத்து மக்களிடையே பரவி, "அடிபட்டால் புற்று" என்னும் நம்பிக்கைக்கு உரம் சேர்த்தது. இன்றைய மருத்துவம் மார்பிற் பட்ட அடியைப் புற்றுநோயின் காரணங்களுள் ஒன்றாகக் கொள்வதில்லை. புற்றுநோயணுக்கள் பெருகிக் கைக்குத் தட்டுப்படும் அளவான கட்டியாவதற்குப் பெரும்பாலும் ஆண்டுகள் பல செல்லும். சென்ற வாரம் பட்ட அடியினால் இவ்வாரம் ஒரு புற்றுக்கட்டி பிறத்தல் இயலாது.

அங்ஙனமாயின், "இன்னாளுக்கு அடிபட்ட பின்னரல்லவா புற்றுநோய் வந்தது?" என்ற பேச்சு எங்ஙனம் எழுந்தது? அடிபட்டபின் பெண் அவ்விடத்தைத் தொட்டுப் பார்க்கின்றாள். அதற்கு முன் ஒரு நாளும் தொட்டுப் பார்த்ததில்லை. அங்கே முன்னரே இருந்த கட்டி அன்றுதான் கைக்குத் தட்டுப்படுகின்றது. அடி கட்டியைக் கொண்டுவரவில்லை, கட்டியைக் காட்டிக்கொடுத்தது. அவ்வகையில் அந்த அடி அவளுக்கு நன்மையே செய்தது. ஆனால் அவள் அதனை வைத்தியரிடம் கொண்டுசென்றால் மட்டுமே அது நன்மையாகும். "அடியால் வந்த வீக்கம்" என்று வீட்டிலே வைத்திருந்தாளாயின், காட்டிக்கொடுத்த அடியே மறைக்கும் திரையாகிவிடும். இலங்கையில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் முதலிடம் பெறுவது மார்பகப் புற்றுநோய். தொடக்கத்திற் கண்டால் பெரும்பாலும் குணப்படுத்தத் தக்கதும் அதுவே. நாள் கடத்துதலே அதன் பெரும் பலம்.

ஆதலால் சகோதரிகளுக்கு ஓர் எளிய முறையைச் சொல்லுகின்றோம். அடிபட்ட அன்றே வீட்டுக் கலண்டரில் அத்தேதியில் ஓர் அடையாளம் இடுங்கள். நீலம் முற்றாக மறைந்தபின்னும் அவ்விடத்திற் கட்டி இருந்தாலும், மூன்று வாரங்கள் கடந்தும் வீக்கம் நீங்காவிட்டாலும் வைத்தியரிடம் செல்லுங்கள். "எப்போது அடிபட்டது?" என்று அவர் கேட்கும்போது தேதியைச் சொல்லலாம். அடி பட்டதாக நினைவே இல்லாமல் கட்டியோ கன்றலோ தோன்றினால் மூன்று வாரமும் காத்திருக்கவேண்டாம். தோல் தோடம்பழத் தோல் போலத் தடித்துக் குழிந்தாலும், காரணமின்றிச் சிவந்து பரந்தாலும், காம்பு புதிதாக உள்ளிழுத்தாலும், காம்பிலிருந்து இரத்தம் கசிந்தாலும், அக்குளிற் கட்டி தென்பட்டாலும் அவ்வாரமே செல்லவேண்டும். ஆடவருக்கும் இது பொருந்தும். மார்பகப் புற்றுநோயாளருள் நூற்றுக்கு ஒருவரளவில் ஆண்களே.

வைத்தியர் முதலிற் கையாற் பரிசோதிப்பார். பின்னர், இளம் பெண்ணாயின் ஸ்கான் செய்வார்; நாற்பதை அண்டியவராயின் மமோகிராம் என்னும் கதிர்ப்படமும் எடுப்பர். ஐயம் நீங்காவிடில் ஊசியால் சிறிது திசுவை எடுத்துப் பரிசோதிப்பர். ஊசி பட்டால் நோய் பரவும் என்னும் பேச்சை நம்பி இச்சோதனையை மறுத்தல் பெருந்தவறு. மார்பிற் காணும் கட்டிகளுட் பெரும்பாலானவை புற்றுநோயல்ல என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு செல்லலாம்.

எங்கே, எப்படிச் சொல்வது?

நம் பெண்கள் வைத்தியர் முன் சென்றும் "நெஞ்சு நோகிறது" என்றே சொல்லுகின்றனர். நெஞ்சென்றால் வைத்தியர் இருதயத்தை நினைப்பார்; நாடியும் பார்ப்பார். "மார்பகத்தில், இந்த இடத்தில், இன்ன நாள் அடிபட்டது; கட்டி இருக்கின்றது" என்று நேரே சொல்லப் பழகவேண்டும். ஆண் வைத்தியராயின் தாதி ஒருவர் உடனிருக்கக் கேட்பது நோயாளியின் உரிமை.

முதலிற் சொல்லத்தக்கவர், வீட்டுக்கு வந்துபோகும் குடும்பநல மாது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் 1996 ஆம் ஆண்டு முதல் 'சுவ நாரி' கிளினிக்குகள் என்னும் மகளிர் நல நிலையங்கள் நடைபெறுகின்றன. 35 வயதையும் 45 வயதையும் எய்திய பெண்களை அவை சிறப்பாக அழைத்து, மார்பகத்தையும் கருப்பைக் கழுத்தையும் கட்டணமின்றிப் பரிசோதிக்கின்றன. ஆண்டு முழுவதும் பிள்ளைகளின் தடுப்பூசி நாளை மறவாத தாய், தனக்குரிய இந்நாளையும் மறவாதிருத்தல் வேண்டும்.

மற்றொரு வகை அடியைப் பற்றியும் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. கதவு இடித்ததென்றும் பிள்ளை மோதியதென்றும் சொல்லப்படும் கன்றல்கள் எல்லாம் கதவாலும் பிள்ளையாலும் வந்தவையல்ல. கணவன் கையால் வந்த அடியை மறைக்கும் பெண், அடியோடு பொய்யையும் சுமக்கின்றாள். அத்தகைய சகோதரிக்கு நாம் சொல்வது இது: அது உங்கள் குற்றமன்று, வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுங்கள். அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் 'மிதுரு பியச' எனவும் 'நட்பு நிலையம்' எனவும் வழங்கும் இடங்கள் இதற்கெனவே உள்ளன. 1938 என்னும் தொலைபேசி இலக்கத்தில் மகளிர்க்கு உதவி கிடைக்கும். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்திற் பாதுகாப்புக் கட்டளை பெறவும் வழியுண்டு. இவ்வகை அடிக்குக் குளிர்ந்த ஒத்தடம் மட்டும் மருந்தாகாது.

சிறு காயங்களுட் பெரும்பாலானவை தாமே ஆறிவிடும். குளிர்ந்த ஒத்தடமும், தாங்கும் ஆடையும், இரண்டு வாரப் பொறுமையும் அவற்றுக்குப் போதும். ஆறாதவை எவை என்று அறிந்துகொள்ளவே கலண்டரின் அடையாளமும், வைத்தியரின் கண்ணும் வேண்டியிருக்கின்றன. இதனை வாசிக்கும் சகோதரி எவரேனும் சில நாளாக ஒரு கட்டியைத் தம்முள்ளே மறைத்து வைத்திருப்பாராயின், இன்று மாலைக்குள் தாயிடமோ, தமக்கையிடமோ, தோழியிடமோ, கணவரிடமோ அதனைச் சொல்லிவிடவேண்டும். நாளை திங்கட்கிழமை, கிளினிக்குகள் திறந்திருக்கும்.